இடது எங்க கம்பெனி, வலது அவ கம்பெனி

முன்ரூம் என்னுடையது. அதை ஒரேயடியாக நிலைநாட்டிவிடுவது என்று தீர்மானித்தேன். 1984ஆம் வருஷம். எனக்கு நாற்பத்தாறு வயது. தீர்மானம் செய்கிற வயதுதான். நிறைவேற்றுகிற வயதா என்று யாரும் கேட்கவில்லை.

ஆம்பூரில் எங்கள் வீடு சின்னது. முன்ரூம், பின்ரூம், அடுப்படி. பின்ரூமில் படுப்போம். அடுப்படி அவளுடையது. முன்ரூமில் என் பார் இருந்தது. ஏழடி இரும்புத் தடி. இரண்டு பக்கமும் மாட்ட இரும்புத் தட்டுகள். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைத் தாண்டித்தான் உள்ளே வரவேண்டும். சபை போதகர் ஒரு முறை தாண்டினார். அடுத்த முறை வாசலில் நின்றே ஜெபம் பண்ணிவிட்டுப் போய்விட்டார். சுருக்கமாக முடிந்தது. நல்லதுதானே.

பெண்டாட்டி பெயர் இன்பம். பெயர் வைத்தது மாமனார். ஏன் என்று அவரைத்தான் கேட்கவேண்டும்.

ஒரு நாள் சோறு போடும்போது ஆரம்பித்தாள்.

"கம்பெனி வேலைய விட்டுடப் போறேன். வீட்லயே அப்பர் தெக்கலாம்னு இருக்கேன்."

அப்பர் என்றால் ஷூவின் மேல்பாகம். எங்கள் ஊரில் பாதிப் பெண்கள் அதைத்தான் தைத்தார்கள். கம்பெனி தோலை வெட்டி அனுப்பும். வீட்டில் தைத்துக் கொடுக்கவேண்டும்.

"தெய்யி. யாரு வேணாம்னா?"

"எங்க கம்பெனி பட்டம்மாவும் கூட வர்றா. ரெண்டு மெஷின் போடணும். முன்ரூம் வேணும்."

"பார எங்க வெக்கறது?"

"வித்துடுங்க."

"அத எவன் வாங்குவான்?"

"எவனுமே வாங்கமாட்டான்னா, நீங்க எதுக்கு வெச்சிருக்கீங்க?"

கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டேன்.

"நூறு கிலோ பஸ்கி எடுக்கறேன் நானு. தோள்ல நூறு கிலோவ வெச்சு ஒக்காந்து எந்திரிக்கறேன். இந்தத் தெருவுல வேற எவன் எடுக்கறான்?"

"பாத்துக்கிட்டுதான இருக்கேன். எங்க ஒக்கார்றீங்க? நாற்காலியில தூசி இருக்குதான்னு பாக்கறவரு மாதிரி லேசா குனியறீங்க. ஒடனே நிமிந்துடறீங்க."

இதற்கு மேல் ஒரு ஆண்மகன் பொறுக்கமாட்டான். நான் தட்டைத் தள்ளிவைத்தேன். பிறகு பக்கத்தில் இழுத்துக்கொண்டேன். ஆட்டுக்கறி.

"தேகப்பயிற்சி சங்கத்து ஆண்டு விழா வருது. நாப்பது வயசுக்கு மேல இருக்கறவங்களுக்குத் தனிப் போட்டி. நூறு கிலோ எடுத்தா மெடல். நான் எடுத்துட்டா முன்ரூம் எனக்கு. அப்புறம் நீ வாயத் தெறக்கக் கூடாது."

"எடுக்கலன்னா?"

"ரூம் ஒனக்கு. பாரச் சங்கத்துக்குத் தானமா குடுத்துடறேன்."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"கிருபானந்தம் பேச்சு மாறினதா சரித்திரமே இல்ல."

"சரித்திரத்துல கிருபானந்தமே இல்ல," என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றினாள்.

மறுநாள் சங்கத்துக்குப் போனேன். காசிநாதன் இருந்தான். செயலாளர் அவன்தான், மாஸ்டர் அவன்தான், போட்டிக்கு நடுவரும் அவன்தான். சங்கத்தைக் கூட்டுவதும் அவன்தான். விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு என் பஸ்கியைப் பார்த்தான்.

"செல்லாது."

"ஏன்?"

"இடுப்பு முட்டிக்குக் கீழ போவணும். உன் இடுப்பு முட்டி இருக்கற பக்கமே வரல."

"போக மாட்டேங்குதுய்யா."

"கணுக்கால் மடங்கல ஒனக்கு. எறங்கினா குதிகால் தூக்கிக்குது. பயந்துக்கினு எந்திரிச்சிடற. ஷூ வேணும். அடி கல்லு மாதிரி இருக்கணும். குதிகால் ஒசரமா இருக்கணும். ரஷ்யாக்காரன்லாம் அதான் போடறான்."

ஆக, குறை என்னிடம் இல்லை. ஷூ இல்லாததுதான் குறை. எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆம்பூரில் நின்று கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு ஷூ மேல்தான் விழும். பாதி உலகத்துக்கு நாங்கள்தான் ஷூ போட்டு அனுப்பினோம். எனக்கு ஒரு ஜோடி கிடைக்காதா?

தேட ஆரம்பித்தேன்.

முதலில் கான்வாஸ் ஷூ. அடியில் ஸ்பாஞ்சு. நூறு கிலோவைத் தோளில் வைத்ததும் இட்லி மேல் நிற்பதுபோல் இருந்தது. இடது பக்கம் ஆடினேன். வலது பக்கம் ஆடினேன். ஜன்னல் வழியாகப் பார்த்த பக்கத்து வீட்டுக் குழந்தை கை தட்டியது.

அடுத்து ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போட்டுப் போகிற பாலிஷ் ஷூ. அடி கெட்டி. ஆனால் வழுக்கல். சிமெண்டுத் தரையில் பாரோடு வழுக்கிக்கொண்டே அடுப்படி வாசல் வரைக்கும் போய்விட்டேன். இன்பம் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னா வேணும்?"

"தண்ணி," என்றேன். வேறு என்ன சொல்வது?

பிறகு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடுகிற இடத்தில், போடுகிற பூட்ஸ். கணுக்காலுக்கு மேல் விறைப்பு. மடங்கவே மடங்காது. போட்டுக்கொண்டு நின்றால் லைட்டுக் கம்பம். பிறகு வெறுங்காலோடு குதிகாலுக்கு அடியில் ரீப்பர் என்கிற மரச் சட்டம் ஒன்று. நான் கீழே போனேன். ரீப்பர் வெளியே போனது.

கடைசியில் இன்பத்தின் ஹீல்ஸ் செருப்பு. கல்யாணம் காட்சிக்குப் போட்டுக்கொள்வாள். அவள் தண்ணீருக்குப் போயிருந்த நேரம். பின்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு, பாதிக் கால் வெளியே தொங்க மாட்டிக்கொண்டேன். பார்கூட இல்லை. சும்மா உட்கார்ந்து பார்த்தேன்.

போயிற்று. சுகமாகப் போயிற்று. முட்டிக்குக் கீழே உலகம் எப்படி இருக்கிறது என்று அன்றுதான் பார்த்தேன். கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். திரும்பினால் கதவு திறந்திருந்தது. இன்பம் குடத்தோடு நின்றிருந்தாள்.

அவள் கட்டிலைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தாள். அவள் ஒன்றும் சொல்லாதபோதுதான் மனிதன் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். நான் ஹீல்ஸைக் கழற்றுகிற அவசரத்தில் இருந்தேன்.

சரி, நாமே செய்துவிடுவோம் என்று முடிவு கட்டினேன். எங்கள் கம்பெனியில் எனக்கு வேலை சாம்பிள் செக்‌ஷனில். வெளிநாட்டுக்காரனுக்குக் காட்ட மாதிரி ஷூ செய்வோம். ஆனால் ஒன்று. மாதிரிக்கு ஒரு கால் ஷூ மட்டும்தான் செய்வார்கள். பார்க்கிறவனுக்கு ஒன்று போதும். தபால் செலவு பாதி. முக்கியமாக, ஒற்றைக் கால் ஷூவை எவனும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகமாட்டான். எங்கள் கம்பெனியில் இடது கால். வலது காலுக்கு எங்கள் செக்‌ஷனில் அச்சுக்கட்டையே கிடையாது.

மிச்சத் தோலை எடுத்து, மேனேஜரிடம் சொல்லிவிட்டு, இடது காலுக்கு ஒன்று செய்தேன். தோல் அடுக்கி ஒரு இஞ்ச் ஹீல். மேலே குறுக்கு வார். பிரமாதம். மேஜை மேல் வைத்துப் பார்த்தேன். ஒரு காலால் பஸ்கி எடுக்கிற போட்டியாக இருந்திருந்தால் அன்றைக்கே ஜெயித்திருப்பேன்.

வலதுக்கு எங்கே போவது? இன்பம் வேலை செய்தது வாணியம்பாடி ரோட்டில் இன்னொரு கம்பெனி. அவளும் சாம்பிள் செக்‌ஷன்தான். அங்கே வழக்கம் வலது கால். ஏன் என்று கேட்காதீர்கள். அந்த முதலாளி இஷ்டம். ஆக, இந்த ஊரில் ஒரு ஜோடி மாதிரி ஷூ வேண்டுமென்றால் எங்கள் செக்‌ஷன் ஆளுக்கும் அவர்கள் செக்‌ஷன் ஆளுக்கும் கல்யாணம் ஆகியிருக்கவேண்டும். ஆகித் தொலைத்திருந்தது.

கொஞ்ச நாள் கௌரவம் பார்த்தேன். ஆண்டு விழா நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். அதில் என் பெயரும் இருந்தது. கௌரவத்தை விட்டேன்.

"இன்பம்."

"ம்."

"வலது கால் ஒண்ணு வேணும்."

"இருக்கறது இன்னா ஆச்சு?"

"ஷூவச் சொல்றேன்."

இடது ஷூவைக் காட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தையலை நகத்தால் நெருடினாள். "பரவால்ல," என்றாள். முப்பது வருஷ அனுபவத்துக்குக் கிடைத்த சர்ட்டிபிகேட்.

"செஞ்சு தர்றியா?"

"தந்துட்டாப் போச்சு."

இவ்வளவு சுலபமா? எனக்குச் சந்தேகம் தட்டியது.

"நான் தோத்தா ரூம் ஒனக்கு. அப்புறம் நீ எதுக்கு எனக்கு ஷூ செஞ்சு குடுக்கற?"

"புருஷன் கேக்கறாரு, செய்யறேன். ஊரே பாக்கப் போவுது. மட்டமா இருந்தா இது யாரு கைவேலைன்னு கேப்பாங்க. எனக்குத்தான் கேவலம்."

"ஏதாச்சும் தில்லுமுல்லு பண்ணினே…"

"பாத்து வாங்கிக்குங்க. அளந்து வாங்கிக்குங்க. குறை இருந்தா மூஞ்சி மேல கடாசுங்க."

தினத்தந்திப் பேப்பரை விரித்து அதன் மேல் என்னை நிற்கவைத்தாள். பென்சிலால் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டாள்.

"குந்துங்க."

குந்தினேன். குதிகால் தூக்கிக்கொண்டது. ஸ்கேலை வைத்து அளந்தாள்.

"ஹீலு எவ்ளோ சொன்னீங்க?"

"ஒரு இஞ்ச்."

"கம்மி. ஒண்ணேகால் வெக்கறேன். தரைக்கே எறங்கலாம்."

"அப்ப என் இடது?"

"அத்தயும் ஒசத்துங்க. இல்லன்னா பாலத்துல போற கட்டவண்டி மாதிரி சாஞ்சுக்கினு நிப்பீங்க."

எனக்குப் பாடம் எடுக்கிறாள். ஆனால் கணக்கு சரி. நான் போய் என் இடதுக்குக் கால் இஞ்ச் சேர்த்தேன்.

வலது வந்தபாடில்லை. கேட்டால், "ஜெர்மன்காரன் ஆர்டரு. ஒரே பேஜார். மூச்சு விட நேரமில்ல." மறுபடி கேட்டால், "சோல் ஒட்டிக் காயுது. அவசரப்பட்டா பிச்சுக்கும்." நானும் தொழில் தெரிந்தவன். காயத்தான் வேண்டும். என்ன சொல்ல முடியும்? அதுவரை வெறுங்காலோடு என் பழைய பஸ்கியை எடுத்துக்கொண்டிருந்தேன். நூறு கிலோ பூப்போல ஏறி இறங்கியது. அதாவது, நாற்காலித் தூசி பார்க்கிற அளவுக்கு.

போட்டி ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை சாயங்காலம் வலது வந்தது.

வாங்கினேன். பித்தளை ஸ்கேலால் ஹீலை அளந்தேன். ஒண்ணேகால். நூல்கூடப் பிசகவில்லை. தராசில் இரண்டையும் வைத்தேன். முள் நடுவில் நின்றது. உள்ளே கையை விட்டு ஆணி தேடினேன். ஆணி இல்லை. அதனால் சந்தேகம் அதிகமானது. எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு ரஃபி அகமதுவிடம் போனேன். தோல் தரகர். தோலைப் பார்த்தே ஆட்டுக்கு என்ன வியாதி இருந்தது என்று சொல்கிற ஆள்.

"பாய், இதுல ஏதாச்சும் சூழ்ச்சி இருக்குதான்னு பாரு."

வளைத்தார். தட்டினார். முகர்ந்தார். ஓரத்தைக் கடித்தார்.

"யாரு செஞ்சது?"

"இன்பம்."

"தங்கச்சி கைக்கு வளையல் போடணும் தோஸ்த். சுத்தமான மால்."

"தில்லுமுல்லு?"

"இருக்குது. ஆனா இதுல இல்ல. அந்த லெஃப்ட்டுல. சோல் பக்கத்துல பிசிர் தட்டுது. மட்டமான கை. எவன் செஞ்சது அத?"

"நான்தான்."

பாய் இடதை மெதுவாகக் கீழே வைத்தார். "பரவால்ல. காலுக்கு அடியிலதான இருக்கப் போவுது," என்றார்.

வீட்டுக்கு வந்து இரண்டையும் போட்டு வாரை இழுத்துக் கட்டினேன். வெறும் பாரைத் தோளில் வைத்தேன். உட்கார்ந்தேன். எண்ணெய் போட்ட கதவு மாதிரி இறங்கியது. குதிகால் அசையவில்லை. இடுப்பு முட்டியைத் தாண்டி, இன்னும் கீழே, ஊரைவிட்டே போய்விடும் போலிருந்தது. காசிநாதனை ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். பார்த்தான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

"இப்பதான்யா இதுக்குப் பேரு பஸ்கி."

"நூறு போட்டுப் பாத்துடட்டுமா?"

காசிநாதன் வாயைத் திறப்பதற்குள் இன்பம் சொன்னாள். "நாளைக்குப் போட்டிய வெச்சுக்கினு இன்னிக்கு வெயிட்டு எடுப்பாங்களா? ஒடம்புக்கு ரெஸ்ட் குடுங்க. கறி வெச்சிருக்கேன்."

"அம்மா சொல்றதுதான் கரெக்ட்டு," என்றான் காசிநாதன். அவனுக்கும் கறி கிடைத்தது.

எனக்கு மனசே இளகிவிட்டது. தன் தோல்விக்குத் தானே ஷூ தைத்துக் கொடுத்திருக்கிறாள். ஜெயித்த பிறகு அவளுக்கு முன்ரூமில் ஒரு மூலையாவது விட்டுக்கொடுப்பது என்று படுக்கும்போது நினைத்துக்கொண்டேன். சின்ன மூலை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை. பிரசங்கம் தாழ்மையைப் பற்றி. நான் அதைத் தொழில்ரீதியாக எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் ஸ்கூல் மைதானம். பலகை மேடை. சீரியல் விளக்கு. மைக்குக்காரன். தலைமை விருந்தினராக ஒரு தோல் ஷாப்பு முதலாளி. பெண்கள் வரிசையில் இன்பம், பக்கத்தில் பட்டம்மாள். ரஃபி பாய் முன்னால் நின்றுகொண்டு என் வலது காலைக் காட்டி நாலு பேருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். இடதைக் காட்டவில்லை.

பாரில் நூறு கிலோ. பக்கத்துக்கு ஒருவனாகச் சங்கத்துப் பையன்கள் தானியேலும் பச்சையப்பனும். தூக்குகிறவனால் முடியவில்லை என்றால் பாரைப் பிடித்துக்கொள்ளவேண்டியது அவர்கள் வேலை. பிடித்துவிட்டால் மெடல் கிடையாது.

தோளில் வாங்கினேன். மூச்சை இழுத்தேன். இறங்கினேன்.

ஆகா. என்ன ஷூ. ஆடவில்லை. வழுக்கவில்லை. குதிகால் தூக்கவில்லை. தடங்கலே இல்லாமல் முட்டியைத் தாண்டி, அதற்கும் கீழே போய், அடியில் போய் உட்கார்ந்தேன். காசிநாதன் குனிந்து பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினான். "எறங்கியாச்சு. செல்லும்." மைதானமே கை தட்டியது.

கை தட்டி ஓய்ந்தது. நான் அங்கேயே இருந்தேன்.

"ஏறு கிருபா," என்றான் காசிநாதன்.

"ஏறிக்கிட்டிருக்கேன்."

"எங்கய்யா?"

"உள்ளுக்குள்ள."

முப்பது வருஷமாக நான் எழுந்ததெல்லாம் பாதி வழியிலிருந்து. அடியிலிருந்து எழுந்ததே இல்லை. அங்கே போனதே இல்லையே, எழுவதற்கு. என் தொடைகளுக்கு அந்த வழி தெரியாது.

"பிடிச்சுக்கட்டுமாண்ணே?" என்றான் தானியேல்.

"தொடாத. தொட்டா கொன்னுடுவேன்."

மைக்குக்காரன் சும்மா இருப்பானா? "நமது கிருபானந்தம் அவர்கள் கீழே இருக்கிறார்கள்." கொஞ்சம் விட்டு, "கிருபானந்தம் அவர்கள் தொடர்ந்து கீழே இருக்கிறார்கள்." தலைமை விருந்தினர் காசிநாதனைக் கூப்பிட்டு, இது யோகாசனமா என்று கேட்டார். ரஃபி பாய் மேடை ஓரத்துக்கு வந்து, "ஷூவுல தப்பே இல்ல," என்று கூட்டத்துக்கு அறிவித்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு இன்பம் வந்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள். என் முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

"எந்திரிக்கறீங்களா?"

"இரு."

"தண்ணி வேணுமா?"

"வேணாம்."

"கால் கடிக்குதா? வார் இறுக்கமா இருக்குதா?"

"இல்ல. நல்லாத்தான் இருக்குது."

"அப்ப ரூம் யாருக்கு?"

"இன்னும்… முடியல… போட்டி."

"சரி. இருங்க. நான் போயி ஒலைய வெச்சுட்டு வந்துடறேன்."

அவள் இரண்டடி நடந்தாள். என் தொடை ஒரு மாதிரி துடித்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

"எடுங்கடா," என்றேன்.

எடுத்தார்கள். முதலில் பாரை. பிறகு என்னை.

வீட்டுக்கு நடந்து வந்தோம். நான் நடந்ததை நடை என்று சொல்லமுடியாது. தெரு முனையில் ஆரம்பித்தேன்.

"வேணும்னே பண்ணிட்ட."

"இன்னா பண்ணினேன்? ஷூவுல குறை சொல்லுங்க."

யோசித்தேன். "குறை இல்ல."

"எறங்கணும்னு கேட்டீங்க. எறங்கிச்சா இல்லியா?"

"எறங்கிச்சு."

"காசிநாதன் செல்லும்னாரா இல்லியா?"

"சொன்னான்."

"ஏறுறதுக்கும் ஷூ வேணும்னு நீங்க கேக்கவே இல்லியே."

பேசிப் பயனில்லை. வீட்டு வாசலுக்கு வந்தோம். அங்கே ஒரு தள்ளுவண்டி நின்றிருந்தது. மேலே கயிறு கட்டி இரண்டு தையல் மெஷின். பட்டம்மாள் புருஷன் வண்டி மேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். ரொம்ப நேரமாகக் காத்திருக்கிறவன் முகம்.

போட்டி முடிந்து அரை மணி ஆகவில்லை.

"வண்டிக்கு எப்பச் சொன்ன?"

இன்பம் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தாள்.

"ஒங்க காலுக்கு அளவு எடுத்தேனே, அன்னிக்கே."